முப்பதில் ஒன்று

அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்திட்டேன்.
'பனிச்சரிவு நிலையத்துக்கு
இலக்கியம் படித்தவர் எதற்கு?
அந்தச் சம்பளத்தில் இரண்டு உணர்கருவி வாங்கலாம்.'
கடைசி வரி என்னுடையது.
விலைப்பட்டியலும் இணைத்திருந்தேன்.

ஸ்வான்டிஸ் அதைப் படித்துவிட்டு
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி
என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி.
சூரியன் மலைக்கு இந்தப் பக்கம் வந்து ஏழு வாரம்.
மார்பளவு குழி வெட்டி இறங்கினேன்.
மேலே, காற்று அடித்து அடித்து இறுக்கிய பலகை.
அதன் கீழே நாலு விரற்கடைக்கு
ஒன்றோடொன்று ஒட்டாத பரல்கள்,
கையில் எடுத்தால் சீனிபோல் உதிர்ந்தன.
அவற்றின் மேல்தான் அந்தச் சரிவின் பனி முழுதும்
உட்கார்ந்திருந்தது.

எங்கள் மொழியில் கணினியின் பெயருக்கு
எண்ணின் குறிகாரி என்று பொருள்.
குறிகாரி சொன்னாள்:
இன்றிரவு, முப்பதில் ஒன்று.

நான் எழுதிய அறிவிப்பு இது:
'நிலைத்தன்மை குறைந்த அடுக்கு காரணமாகக்
கீழ்த்தெருவில் ஆபத்து கணிசமானது.'
ஒரு சொல்லிலும் தவறில்லை.
மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தெருவில்
பதினான்கு வீட்டிலும் விளக்கு எரிந்தது.
சன்னல்களில் மீன் வேகும் ஆவி.

'கணிசம் என்றால்
எத்தனை பேர் நாற்காலியை விட்டு எழுவார்கள்?'
ஸ்வான்டிஸ் கேட்டாள்.
அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை.
என் வரியை அழித்துவிட்டு எழுதினாள்:

'மேலே இருப்பது இன்றிரவு
உங்கள் சமையலறைக்கு வரலாம்.
வராமலும் போகலாம்.
குழந்தைகளுக்கு பூட்ஸ் மாட்டுங்கள்.'

மீன் ஆலைக்கு வந்த போலந்துக்காரர்களுக்காக
அதையே அவர்கள் மொழியிலும் எழுதினாள்,
பூட்ஸுக்கு உரிய சொல்லை மட்டும்
தொலைபேசியில் யாரிடமோ கேட்டு.

ஆறேகாலுக்குள் பதினான்கு வீடும் இருண்டன.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
மெத்தைகள், நாய்கள், துணி போர்த்திய ஒரு கிளி.

இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணுவதற்கு இரண்டு பொருள் உண்டு.
முதலாவதில் எனக்குப் பட்டம் இருக்கிறது.

சரிவு வரவில்லை.

காலையில் மலை அங்கேயே நின்றது,
ஒன்றுமே செய்யாதவன் முகத்தோடு.
ஹெர்முண்டூர் கதவைத் திறந்து
உறைந்து வெடித்த குழாயைக் காட்டினார்.
'ஊரைப் பயமுறுத்தத்தானே கவிதை படித்தாய்?'
அவளைத்தான் கேட்டார்.
என்னை ஒன்றும் சொல்லவில்லை.
என் எண் யார் காதிலும் விழுந்திருக்கவேயில்லை.
முப்பதில் இருபத்தொன்பது இரவு
இப்படித்தான் ஐயா முடியும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தசமப் புள்ளிதான் வந்தது.

நிலையத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது.
'சமையலறை என்று இன்னும் எத்தனை முறை எழுதலாம்?
நாலாவது முறை யாராவது எழுந்திருப்பார்களா?'
சொல்லும் தேயும் என்பதை
நான் அதுவரை அளந்ததில்லை.
பாரம் ஏற ஏற அதுவும்
உள்ளே எங்கோ பரல் பரலாகப் பிரிந்துவிடும்போல.

'முப்பதில் ஒன்று என்றால்
முப்பது இரவுக்குள் கட்டாயம் வருமா?'
இல்லை என்றேன்.
காகித உறையின் பின்புறம் கணக்குப் போட்டோம்.
ஒருமுறையாவது வர, நூற்றுக்கு அறுபத்து நான்கு.
அவள் நெடுநேரம் அந்த எண்ணைப் பார்த்தாள்.
'மீதி முப்பத்தாறிலும் ஹெர்முண்டூர் என்னைத் திட்டுவார்'
என்றாள். சிரிக்கவில்லை.
பிறகு உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே மறுபடி வடகிழக்குக் காற்று.
கடிதம் தலைநகருக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது.
என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக
எழுத உட்கார்ந்தேன்.
முதல் வரியே வரவில்லை.
அடுத்த மேசையில் அவள் இருக்கிறாள்.
அவளிடம் கேட்க முடியாத உதவி
இது ஒன்றுதான்.